இறக்கை விரித்த பூச்சி

கிள்ளான் தோட்டம்,
1937 மாசி.

செங்கமலத்துக்கு உன் வீட்டுக்காரன் அங்கமுத்து எழுதுவது. நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா?

போன வாரம் ரப்பர் பால் வெட்டும்போது மரத்தில் ஓர் அந்துப்பூச்சியைப் பார்த்தேன். மைனா கொத்த வந்ததும் இறக்கையை விரித்தது. உள்ளே ஆந்தைக் கண்போல இரண்டு பொட்டு! மைனா பறந்தே போய்விட்டது. கொட்டவோ கடிக்கவோ அதற்குத் தெரியாது, என்னைப் போலத்தான். விரிக்காத பூச்சிகள் என்றைக்கோ குருவி வயிற்றுக்குள் போயிருக்கும், விரித்தவற்றின் வம்சம்தான் மிஞ்சியிருக்கும் என்று என் ஐந்தாம் வகுப்பு மூளைக்குப் பட்டது.

இங்கே துரை எதிரே வந்தால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். நேற்று நான் இறங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி மணியடித்துக்கொண்டே போனேன். பெடல் இரண்டு தடவை நழுவியது. துரை ஒதுங்கி வழிவிட்டார்!

“ஏய் அங்கமுத்து, தொரை நிக்கிறது தெரியலையா?” என்று கணக்கு எழுதும் கிராணி கத்தினார்.

“தெரிஞ்சுதாங்க மணியடிச்சேன்” என்றேன்.

சைக்கிள் துடைக்கத் துணியில்லை. உன் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்பு. துவைக்க வேண்டாம்.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. நாளை துரை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். வேலை போனாலும் போகும், கவலைப்படாதே. சைக்கிளில்தான் போவேன்.