ஊரப்பாக்கத்தில் நின்றுவிட்ட கணினி

என் சுமதிக்கு,

நம் வீட்டுக் கணினி கூடுவாஞ்சேரி வந்து சேர்ந்துவிட்டது. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை புது வீட்டில் பால் காய்ச்சினோம். சமையல் மேடை நீ கேட்ட உயரத்தில்தான் இருக்கிறது. மேஸ்திரி முணுமுணுத்தார், நான் விடவில்லை. பால் பொங்கும்போது, இந்த மேடை முன்னால் நிற்க வேண்டிய நீ இல்லையே என்று மனசு அடித்துக்கொண்டது.

இதைப் படிக்கிறவர்களுக்கு உன் வழக்கம் தெரியாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்ட கணினிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். மற்றவர்கள் சாமி பெயரோ பிள்ளை பெயரோ வைத்தால், நீ ரயில்வே ஸ்டேஷன் பெயர் வைத்தாய். தாம்பரத்தில் வாடகைக்கு இருந்தபோது வாங்கிய முதல் கணினி தாம்பரம். அது பழுதாகி அடுத்தது வந்தபோது பெருங்களத்தூர். பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம். கூடுவாஞ்சேரியில் மனை வாங்கிப் போட்டிருந்தோம் அல்லவா, அதை நோக்கி ஒவ்வொரு ஸ்டேஷனாக நகர்ந்துகொண்டிருந்தாய்.

"பேரைத்தானே மாத்தணும், இப்பவே கூடுவாஞ்சேரின்னு போட்டுடேன்" என்று சீண்டினால், "வீடு கட்டாம அந்தப் பேரைப் போட்டா டிக்கெட் இல்லாம போற மாதிரிங்க" என்பாய். ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கு அழைத்து வந்திருந்த கடைசி வாரத்தில், புது வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று, நானே மாற்றிக் காட்டட்டுமா என்று கேட்டேன். "அவசரப்படாதீங்க. அங்க போய் நானே மாத்திக்கறேன்" என்றாய்.

உன் பேச்சை அன்றைக்கு மீறியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. அந்தப் பெயரைத் திரையில் ஒரு தடவையாவது பார்த்திருப்பாய். இந்த ஆதங்கம் என்னை விடுவதாக இல்லை.

நேற்று சாயங்காலம் நம் மகள் வித்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா சொன்ன மாதிரி இங்க வந்தாச்சுல்ல. மாத்திடுப்பா" என்றாள். கட்டளையை அடித்தேன், பெயர் மாறியது. ஆனால் அடுத்து ஒரு மென்பொருளை நிறுவப் போனால், கூடுவாஞ்சேரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று புகார். குடிவந்த ஊரையே காணோம் என்றால் நான் எங்கே போவது?

வித்யாதான் துழாவிப் பார்த்துச் சொன்னாள். "ஹோஸ்ட்ஸ்னு இன்னொரு ஃபைல் இருக்குப்பா, கம்ப்யூட்டர் தன் பேரைத் தேடிப் பாக்கற இடம். அதுல இன்னும் ஊரப்பாக்கம்தான் இருக்கு." நீ எப்போதும் இரண்டு இடத்திலும் மாற்றியிருப்பாய். பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்ததைத் தவிர நான் எதைக் கவனித்தேன்?

ஊரப்பாக்கம் இருந்த வரியிலேயே கூடுவாஞ்சேரியையும் சேர்த்தேன். புகார் நின்றது.

"பழசை அழிச்சிடுப்பா."

கை போகவில்லை. "இருக்கட்டும்மா, அது ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

இன்னொரு சேதி. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில், கிளாம்பாக்கத்தில் புதிதாக ஒரு ஸ்டேஷன் கட்டுகிறார்கள். உன் வரிசையே குழம்பிவிடும். இருந்திருந்தால் ரயில்வேக்காரர்களோடு சண்டைக்குப் போயிருப்பாய்.

இப்போது ஒரே வரியில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கணினி பதில் தருகிறது. இது பழுதாகி வேறொன்று வந்தாலும் அடுத்த ஸ்டேஷனான பொத்தேரிக்குப் போக மாட்டேன். அதிலும் இதே வரியைத்தான் எழுதுவேன். நீ இறங்கிய ஸ்டேஷனை நான் அழிக்க மாட்டேன், சுமதி.

நீ வராத வீட்டிலிருந்து,
உன் வீட்டுக்காரன்