நட்சத்திரம் தெரியும் கூரை

பலெர்மோ, ஐப்பசி 1997

இஞ்சாருங்கோ,

நான் வேலை செய்யும் வீட்டு எசமானி, அந்த யூத சிஞ்ஞோராவால் எனக்கு விசர் பிடிக்கப்போகிறது. லிபெர்த்தா வீதியில் இவ்வளவு பெரிய வீட்டை வைத்துக்கொண்டு, பெருநாளென்று மொட்டைமாடியில் குடில் போடச் சொன்னார். ஒரு கிழமைக்கு அதற்குள்தான் சாப்பாடாம்.

சரியென்று ஓலையைக் கிடுகு வேய்கிற மாதிரி நெருக்கி வேய்ந்தேன். ஒரு சொட்டும் இறங்காது. அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிரி, நட்சத்திரம் தெரியவேணும்" என்கிறார்! பிறகெதற்குக் கூரை? கை கீறக் கீறப் பிரித்தேன்.

அவர்களின் முன்னோர் இடம்பெயர்ந்து பாலைவனத்தில் குடிலில் இருந்ததை நினைத்துச் சந்தோசப்படும் பெருநாளாம். விருந்தாளியும் வேண்டுமென்று என்னைப் பக்கத்தில் இருத்தினார். "ஏன் முகத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாய்? சந்தோசமாய் இரு" என்று ஏச்சு வேறு.

நேற்றுச் சாப்பாட்டு நேரம் மழை. நான் கூரைக்கு மேலே விரிக்கத் தறப்பாள் எடுக்க ஓடினேன். அவர் சிரித்தார். "மழை பெய்தால் வீட்டுக்குள்ளை போகலாம், அதுதான் எங்கடை சட்டம்" என்று கோப்பையோடு உள்ளே போய்விட்டார்.

நான் அங்கேயே நின்று நனைந்தேன்.

சண்டையால் நீங்களும் பிள்ளையும் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து, இருக்கிற இடம் எப்படியென்று நானும் கேட்கிறேன், நீங்களும் "சுகம்" என்றே எழுதுகிறீர்கள். உங்கள் சுகம் எனக்கு வேண்டாம். பிள்ளை படுக்கிற இடத்திலிருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரிகிறதா? அதை எழுதுங்கள்.

உங்கள் மனுசி