சாயுரியை அஜக்ஸுக்குக் கூட்டிப்போனது

ஜூலை 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பேஸ்மென்ட் அறை கூட்டினேன். புதுத் தலையணை உறை, ஃபேன், தண்ணீர்ப் போத்தல். பின்னேரம் சாயுரி வந்துவிட்டாள். ஜப்பான் பிள்ளை, வயது இருபத்தொன்று, இங்கே சர்வதேச பட்மின்டன் போட்டி ஆட வந்தவள். ஹோட்டல் அறைப் பதிவு குழம்பியதால் மகள் ஜெனியின் பட்மின்டன் கோச் எங்களைக் கேட்டார். யோசிக்காமல் ஓம் என்றேன். உண்மையில் பெருமைதான். எங்கள் மில்லிக்கன் பகுதியில் வேறு யார் வீட்டில் இப்படி ஒருத்தி?

வாசலில் குனிந்து வணங்கினாள். கழற்றிய சப்பாத்தைத் திருப்பி நேராக வைத்தாள். மனைவி நைட் ஷிஃப்ட், சமையல் நான். புட்டு, கோழிக்கறி. போடப் போடச் சாப்பிட்டாள்.

"அப்பா, ஸ்டொப். அவவுக்கு வேண்டாம் எண்டு சொல்லத் தெரியாது." இது ஜெ.

"விருப்பமில்லாட்டி ஆரும் சாப்பிடுவினமோ?"

ஜூலை 7, செவ்வாய்

குப்பையை வெளியே வைக்க மறந்துவிட்டேன். வேலை அரை நாள்.

ஜெ. சொன்னது: சாயுரி சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய் விடுதியில் தங்கி பட்மின்டன் பழகியவள். பிறகு ஒரு கம்பனி அணி, சம்பளமும் அவர்களே. போன வருடம் முழங்கால் ஒப்பரேஷன். இங்கே இரண்டு சுற்றாவது வெல்லாவிட்டால் அணியிலிருந்து எடுத்துவிடுவார்களாம். பிறகு அதே கம்பனியில் மேசை வேலை. நாளை காலை முதல் ஆட்டம்.

பின்னேரம் அஜக்ஸிலிருந்து அக்கா போன். "உன்ர ஜப்பான் பிள்ளையை எங்களுக்குக் காட்டமாட்டியோ?"

"நோ வே. அவ எர்லியாப் படுக்கோணும், அப்பா."

"ஒரு மணித்தியாலம்தானே. ஒருக்காப் போட்டு வருவம்."

சாயுரியிடம் கேட்டேன். தலையாட்டினாள், உடனே எழும்பிச் சப்பாத்துப் போட்டாள்.

அக்கா வீட்டில் ரோல்ஸ், வடை. அக்காவின் பேரனை அவள் மடியில் வைத்துப் படம். சம்பியன், சம்பியன் என்று எல்லோருக்கும் சொன்னேன். பிக்கரிங்கில் இருக்கும் மச்சான் கோபிப்பான் என்று அங்கேயும் போனோம். அங்கே இடியப்பம், நண்டுக்கறி. திரும்பும்போது 401 நெடுஞ்சாலையில் விபத்து, கார்கள் அசையவில்லை. முழங்காலைத் தடவியபடி பின் சீற்றில் இருந்தாள், மச்சான் கட்டித்தந்த பார்சல் மடியில்.

நடுச்சாமம் தாண்டிவிட்டது, பேஸ்மென்ட் லைற் இன்னும் எரிகிறது.

ஜூலை 8, புதன்

தோற்றுவிட்டாள்.

முதல் செற் அவளுக்கு. பிறகு கால் வரவில்லை. இடைவேளையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். எனக்கு முன்னால் இருந்த அன்ரி ஒருவர்: "உந்தப் பிள்ளைக்குச் சுகமில்லைப் போல." நான் போனைப் பார்ப்பதுபோல இருந்தேன். வட்ஸ்அப்பில் நேற்றுப் போட்ட படத்துக்கு வாழ்த்துக்குமேல் வாழ்த்து. படத்தை அழித்தேன். எல்லோரும் பார்த்து முடித்துவிட்டார்கள்.

எல்லாம் தெரிந்துதான் கூட்டிப்போனேன். ஊருக்குக் காட்ட. வேறு ஒரு காரணமும் இல்லை.

வீட்டுக்கு வந்து குசினியில் என் முன்னால் நின்று குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. பிறகு போனில் தட்டி மொழிபெயர்த்து நீட்டினாள், ஜெ. வாசித்தாள்: நீங்கள் இவ்வளவு அன்பாகப் பார்த்தும் நான் வெல்லவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

"இட்ஸ் ஓகே" என்றேன்.

அவளை நான் மன்னித்திருக்கிறேன். சீ. ஜெ. என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 9, வியாழன்

மழை. விமான நிலையம். ஜெ. வரவில்லை, வீட்டிலேயே அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னோடு பேச்சில்லை.

வழி முழுக்க ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். பிழை உன்னுடையதல்ல, என்னுடையது. ஆங்கிலத்தில் சின்ன வசனம்தான். பெட்டியை இறக்கினேன். அவள் முந்திக் குனிந்தாள். பின்னால் டாக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்தான். வந்துபோகிற எல்லோருக்கும் சொல்வதுதான் வாயில் வந்தது.

"நெக்ஸ்ட் இயர், கம் அகெய்ன்."

சிரித்தாள். "யெஸ்," என்றாள்.