இடது கதவைத் தேடினேன்

அஞ்சலா,

ரொட்டியும் கட்டைச் சம்பலும் மேசையில் மூடி வைத்திருக்கிறேன். நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. மடுல்கெல்லைக்குச் சித்தியைப் பார்க்கப் போகிறேன்.

நம் பழைய மொரிஸ் மைனர் காரைப் பிலிமத்தலாவைப் பழைய கார்க் கடைக்காரருக்குக் கொடுக்கப்போகிறேன் என்றதும் நீ கத்தினாய்: "புத்தகம்னா திறந்து பாக்காம ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்க. கார மட்டும் தொட்டுக்கூடப் பாக்காம விக்கிறீங்க! கண்ணால இல்லப்பா, கையால பாக்கணும்." அதன்பின் நாம் பேசவில்லை. மௌனம் எனக்குப் பழக்கம்தான். உன்னுடையது பழக்கமில்லை.

இன்று காலை பனிமூட்டத்தில் தார்ப்பாயை விலக்கினேன். லொறி இடித்துக் குழிந்த இடது கதவின் மேல் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மெல்ல நகர்த்தினேன். குழி கிடைக்கவில்லை. மறுபடி தேடினேன். அசையாத தண்ணீரைத் தடவுவது போல இருந்தது. ஒரு சின்னச் சுத்தியலை வைத்துக்கொண்டு அந்தக் குழியை எப்படியம்மா நிமிர்த்தினாய்? அப்படியே நின்றுவிட்டேன். முதல் பஸ்ஸும் போய்விட்டது.

கடைக்காரருக்கு போன் பண்ணி, விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்படியும் அவர் வந்தால் கேட்டைத் திறக்காதே.

அப்பா

தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு தொட்டிருக்கிறேன், இப்போதுதான் உறைத்தது. எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது என்று நீதான் சொல்லியிருக்கிறாய். கதவு முழுக்க என் கை. பெயின்ட் அடிக்குமுன் தின்னரால் துடைத்துவிடு. கோபம் வந்தால் அடக்கி வைக்காதே, நான் வந்ததும் வாய்விட்டுத் திட்டு.