அந்த யானைக் கதை பொய், அப்பா

என் அன்பான அப்பாவுக்கு,

அன்பு என்று எழுதத்தான் வேண்டியிருக்கிறது. அது இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

நீங்கள் செத்த முப்பத்தோராம் நாளுக்கு, உங்கள் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்கப் போகிறார்கள். முன்பக்கத்தில் உங்கள் படம், பிறகு தேவாரம், அதற்குப் பிறகு நான் எழுதும் அஞ்சலி. "அந்த யானைக் கதையைக் கட்டாயம் எழுது பிள்ளை. கொப்பரின்ரை துணிச்சல் சனத்துக்குத் தெரியவேணும்" என்றார் பெரியப்பா. எழுதுகிறேன்.

ஆறு வருடமாக இங்கே அவுஸ்திரேலியாவில், மல்கிரேவில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு அங்கிளும் அன்ரியும் கேட்ட கதைதான். நீங்கள் சாம்பியாவில் படிப்பித்த கடைசி மாதம். அவுஸ்திரேலியாவுக்கு விசா வந்த சந்தோஷத்தில், எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நீங்களே ஓட்டி மிருகங்கள் பார்க்கச் சரணாலயத்துக்குப் போனீர்கள். திரும்பும்போது அம்மா சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டி முடிக்கச் சுணங்கினார், இருட்டிவிட்டது, யானை மறித்தது. நீங்கள் இறங்கி ஓடி, யானையை உங்கள் பக்கம் இழுத்து எங்களைக் காப்பாற்றினீர்கள். "இவவுக்கு நேரம் காலம் தெரியாது" என்று கதையை முடிப்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே தேத்தண்ணி கொண்டு வருவார்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பின் சீற்றில் தம்பியோடு இருந்தேன், அப்பா. கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வாசல் கேற்றை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். குளத்தடியில் காரை நிறுத்திவிட்டு, பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி இருந்தீர்கள். சாப்பாட்டுப் பெட்டி மூன்று மணிக்கே கட்டி, அம்மாவின் காலடியில் இருந்தது. "இஞ்சேருங்கோ, வெளிக்கிடுவம்" என்றார் அம்மா. நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். நாலு முப்பத்திரண்டு. "ராகுகாலம் தொடங்கிட்டுது. இனி ஆறு மணிக்குத்தான் காரை எடுப்பன்."

யாழ்ப்பாணத்துப் பஞ்சாங்கத்து ராகு, கடல் தாண்டி ஆப்பிரிக்கக் காட்டுக்குள் வந்து எங்கள் காருக்கு முன்னால் குந்திக்கொண்டார். ஒன்றரை மணி நேரம்! அம்மா மூன்று தரம் கெஞ்சினார். "வாயை மூடிக்கொண்டு இரும்" என்றீர்கள்.

ஆறு மணிக்குப் புறப்பட்டு, அந்த மண் ரோட்டில் கண்மண் தெரியாமல் ஓட்டினீர்கள். ஒரு வளைவில் யானை, பக்கத்தில் குட்டி. பிறேக் போட்டதில் கார் சறுக்கி மணலில் புதைந்தது. யானை காதை விரித்ததுதான் தாமதம், நீங்கள் கதவைத் திறந்து ஓடினீர்கள். யானையின் பக்கம் அல்ல, வந்த வழியே. கதவைக்கூடச் சாத்தவில்லை.

அம்மாதான் எட்டி அந்தக் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு பின்னுக்குத் தாவி, என்னையும் தம்பியையும் கீழே தள்ளி, எங்கள் மேல் கவிழ்ந்து படுத்தார். என் வாயைப் பொத்திய கையில் சம்பல் மணத்தது. யானை காரின் முன்பக்கத்தை இரண்டு தரம் இடித்துவிட்டு, குட்டியோடு போய்விட்டது. காவலாளிகளின் லொறி அரை மைல் தள்ளி உங்களைக் கண்டு ஏற்றி வந்தது. இறங்கியதும் அவர்களிடம் இங்கிலீசில் என்ன சொன்னீர்கள்? பெண்சாதி நேரத்துக்குப் புறப்படவில்லை என்று.

பயந்து ஓடியதற்கு எனக்குக் கோபம் இல்லை. எனக்கும் ஓடத்தான் தோன்றியது. ஆனால் பழியை ஏன் அம்மாவின் தலையில் போட்டீர்கள்? அதையே சொல்லிச் சொல்லி, இங்கே வந்த பிறகு அவரைக் கார் ஓட்டப் பழகவும் விடவில்லையே?

இப்போது இங்கே நடப்பதையும் கேளுங்கள். செத்தவீட்டன்று அன்ரிமார் குசினிக்குள் அடுப்படியில் நின்று கதைத்தது என் காதில் விழுந்தது. "நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா மனிசன் தப்பியிருக்கும். இவதான் சுணங்கிப்போனா." அம்மாவும் அதை நம்பத் தொடங்கிவிட்டார். சரியாகச் சாப்பிடுவதில்லை. "நான்தான் சுணங்கிப்போனன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார்.

அந்தத் திங்கட்கிழமை காலை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தது யார்? எட்டு மணிக்கு அம்புலன்ஸைக் கூப்பிட டயலைச் சுற்றிய அம்மாவை, "வையும் போனை. ராகுகாலம். ஒன்பது மணி கழியட்டும்" என்று மறித்தது யார்? எட்டே முக்காலுக்கு உங்கள் தலை சரிந்தது. பள்ளிக்கூட உடுப்போடு வாசலில் நின்ற நான் ஏன் அந்தப் போனைப் பறிக்கவில்லை? உங்கள் சொல்லுக்கு அடங்கி அடங்கியே பழகிவிட்டோம், அப்பா. அதற்கும் உங்கள் மேல்தான் கோபம்.

நேற்று, இதுவரை எழுதியதை அம்மாவிடம் கொடுத்தேன். கிழித்துப் போடுவார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார். பிறகு குளத்தடியில் நடந்ததை எழுதிய பந்தியில் விரலை வைத்தார்.

"இது பிழை, பிள்ளை. நான் முதல் கேட்டது நாலு முப்பத்திரண்டுக்கு இல்லை. நாலு இருபதுக்கு. ராகுகாலத்துக்கு முந்தி வெளிக்கிடுவம் எண்டுதான் கேட்டனான். 'பொறும், இன்னொரு யானை வருது' எண்டவர்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நேரம் பார்த்துத்தான் கேட்டனான். எனக்கு நேரம் தெரியும்."

நேற்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார், அப்பா.

பெரியப்பா இந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னால், நானே கையால் எழுதி வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கொடுப்பேன். இனி எங்கள் வீட்டில் யார் யானைக் கதையை எடுத்தாலும் மறிப்பேன். தேத்தண்ணியை நான் ஊற்றுவேன், கதையை அம்மா இருந்து சொல்லுவார். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
யானை வந்தபோது அம்மாவின் கைக்குள் இருந்தவள்