காற்று குறைந்த இடத்தில் பதுங்கியவை

என் பொல்லாத லாத்தாவுக்கு,

நீங்கள் மவுத்தாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டில் எல்லோரும் உங்களுக்காக துஆ கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன். ஆனால் கோபம் குறையவில்லை. அக்கா என்றும் பாராமல் உங்கள் மீதும், என் மீதும், உங்களைக் கொன்ற ரத்தப் புற்றுநோய் அணுக்கள் மீதும்.

அந்த அணுக்களை ஆய்வகத்தில் வளர்ப்பதுதான் என் வேலை. சாதாரணக் காற்றில் வைத்து மருந்தை ஊற்றினால் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகின்றன. எலும்பு மஜ்ஜைக்குள் இருப்பதுபோல ஆக்ஸிஜனைக் குறைத்த பெட்டியில் வைத்தால், சில சாவதில்லை. பெருகாமல், அசையாமல் பதுங்கிக் கிடக்கின்றன. பெருகுகிறவற்றைத் தேடிப்போகும் மருந்து அவற்றைக் கண்டுகொள்வதில்லை. கோழைகள். மருந்து ஓய்ந்த பிறகு எழுந்து வருகின்றன.

உங்களுக்குள்ளும் அப்படித்தான் வந்தன. முதல் கெமோ முடிந்ததும் டாக்டர், "இப்போதைக்கு டெஸ்ட்ல எதுவும் தெரியலை. செக்கப்புக்குத் தவறாம வாங்க" என்றார். நீங்கள் பாதியைத்தான் காதில் வாங்கினீர்கள். சிராங்கூன் ரோட்டில் உங்கள் துணிக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் "நோய் போயிடுச்சு" என்றீர்கள். பிரியாணி ஆக்கிப் போட்டீர்கள்.

"அடுத்த செக்கப் எப்போ லாத்தா?" என்று கேட்டேன்.

"தீபாவளி வியாபாரம் முடியட்டும். சந்தோஷமா இருக்கிறப்ப வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

சும்மா இருந்தேன். அதுதான் என் குற்றம். என்னென்ன பதுங்கியிருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். உங்களைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? நீங்களோ, நோய் திரும்பியதைக் காட்டிக்கொடுத்த, கையில் கன்றிப்போயிருந்த நீலத்தை நீளக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு புடவை விரித்துக் காட்டினீர்கள். யாரை ஏமாற்றினீர்கள்?

இரண்டாம் முறை வார்டில் படுத்திருந்தபோது, ஓர் இளம் டாக்டர் படிவத்தோடு வந்தார். ஆராய்ச்சிக்காக உங்கள் மஜ்ஜையில் கொஞ்சம் கூடுதலாக எடுக்கலாமா என்று கேட்டார். நான் கத்தினேன். "இன்னும் எத்தனை தடவை குத்துவீங்க? அவங்களுக்கு இதால என்ன லாபம்?"

"அவங்களுக்கு ஒண்ணுமில்லை" என்று அவர் உண்மையைச் சொன்னார். நீங்கள் பேனாவை வாங்கினீர்கள்.

"என் எலும்பு. கையெழுத்து நான் போடுறேன். உனக்கென்ன?"

கோபித்துக்கொண்டு தோ பாயோவிலிருக்கும் நம் வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் வார்டுக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தபோது உங்களுக்கு நினைவு தப்பியிருந்தது. "உனக்கென்ன?" என்பதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. வேறு சொல் கிடைக்கவில்லையா லாத்தா?

ஒரு சேதி சொல்கிறேன். புதிய மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறோம். ஆக்ஸிஜன் உள்ள இடத்தில் அது சும்மா கிடக்கும். குறைந்த இடத்தில்தான் விஷமாக மாறும். போன மாதம் பெட்டிக்குள் பதுங்கியிருந்தவற்றில் பெரும்பாலானவை செத்தன. கூட வேலை செய்யும் மெய்லிங் கைதட்டினாள். நான் மிச்சமிருந்தவற்றை முறைத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு வரும் மஜ்ஜை மாதிரிகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். உங்களுடையது அவற்றில் இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரேபோல வெறுக்கிறேன்.

இந்த மருந்து மனிதர்களிடம் வந்துசேர வெகுகாலம் ஆகும். வராமலே போகலாம். நல்ல அணுக்களும் அதே மஜ்ஜையில், அதே குறைந்த காற்றில்தான் வாழ்கின்றன. அவற்றையும் கொன்றால் என்ன பயன்? அதைத் தெரிந்துகொள்ள, ஆரோக்கியமானவர்களின் மஜ்ஜை வேண்டுமென்று மருத்துவமனையில் ஆள் தேடினார்கள். நான் பெயர் கொடுத்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். இருந்தும், இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சி எடுத்தபோது வலியில் உயிரே போனதுபோல இருந்தது. அலறிவிட்டேன். "இன்னும் கொஞ்சம்தான்கா, மூச்சை இழுத்து விடுங்க" என்று தாதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதைத்தானா நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மறுபடி தாங்கினீர்கள்? உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும், கடைசியில் ஒருமுறை நீங்களாகவே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டீர்களா?

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அது பொய். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இன்னொரு முறை மஜ்ஜை வேண்டுமென்று கேட்டால் போய்ப் படுப்பேன். கத்துவேன், திட்டுவேன், உங்களையும் சேர்த்துத் திட்டுவேன். ஆனால் படுப்பேன்.

உங்களோடு இன்னும் சண்டை தீராத தங்கச்சி,
சபுரா