கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில்

இன்று மதியம் தர்மபுரியில் பஸ்ஸுக்குப் போகும் வழியில், சோப்புத் தண்ணீரும் பசையும் கலந்த அந்த வாடை அடித்தது. ஒரு கடை வாசலில் கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் நகரவில்லை. பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

மாரண்டஹள்ளியிலிருந்து ஓசூருக்கு நாம் கம்பெனி பஸ்ஸில் போய்வந்த நாட்களில் சன்னலோரம் எப்போதும் உனக்குத்தான். உன் கன்னங்கள் சிவந்து தடித்தபோது முதலில் கேலி செய்தேன். பிறகு மூட்டுகள் வீங்கின. சேலத்து ஆஸ்பத்திரியில் லூபஸ் என்றார்கள். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோயாம். வெயில் பட்டால் மூர்க்கமாகுமாம். நீ குடை வாங்கினாய். பஸ்ஸில் கண்ணாடியை இறுக்கச் சாத்திக்கொண்டு அதே சன்னலோரத்தில் உட்கார்ந்தாய். சிவப்பு அடங்கவில்லை.

"கண்ணாடிய சாத்திக்கிட்டுதானுங்க வரேன். எம்மேல வெயிலே படறதில்லீங்களே" என்று மறுமுறை டாக்டரம்மாவிடம் வாதாடினாய்.

"தோலச் சுடுற கதிர்ல பெரும்பகுதியக் கண்ணாடி தடுத்துரும்மா. ஆனா கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கதிர் அதத் தாண்டி வந்துரும். உனக்கு அதுவும் ஆகாது" என்றார் அவர்.

திரும்பி வரும்போது நீ சன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. கொஞ்ச நாளில் வேலையையும் விட்டாய். தக்காளிக் கூடை சுமக்கப் போகும் உன் அம்மா, உன் அறைச் சன்னலில் தடித்த போர்வையைக் கட்டினார். "பொழுது வுடிஞ்சதே தெரியலடி. வூட்டுக்குள்ளயே பொதச்சு வெச்சாப்பல இருக்குது" என்று அழுதாய்.

டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் அந்த ஃபிலிமைத் தேடினேன். நிறமே இல்லாதது, வெளிச்சத்தை விட்டு, ஆகாத கதிரைத் தடுப்பது. "நேர் வெயில் விழும்போது மட்டும் தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்றார். கடைக்காரர் வந்து ஒட்டி முடித்ததும் போர்வையை அவிழ்த்தோம். நீ வெகுநேரம் சுவரோரமே நின்றாய். பிறகு மெல்ல வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாய்.

"சூடு வருதுடி!" பயந்து கையை இழுத்துக்கொண்டாய்.

"வெயில்ல காஞ்ச கண்ணாடி சூடாத்தான இருக்கும்? உனக்கு ஆகாதது வராது, பயப்படாத."

மறுபடி வைத்தாய். நான் கிளம்பும்வரை எடுக்கவில்லை. மறுநாள் விடிகாலையில் போன் செய்து, "பொழுது வுடியறதப் பாத்துட்டண்டி" என்றாய்.

அப்படிப்பட்ட காலைகள் உனக்கு அதிகம் வாய்க்கவில்லை. மழைக்காலம் முடியுமுன் கிட்னி பழுதாகிப் போய்ச் சேர்ந்துவிட்டாய். காரியம் முடிந்த அன்று உன் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "அந்தக் கண்ணாடி வழியா வந்ததுதான் எம்புள்ளயக் கொண்டுபோயிருச்சாம்மா?"

சேலத்துக்கு ஓடினேன். ஃபிலிம் ஒட்டுவதற்கு வெகு முன்பே நோய் கிட்னியில் இறங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. வந்து சொன்னேன். உன் அம்மா தலையாட்டினார். அடுத்த முறை போனபோது சன்னலில் பழையபடி போர்வை தொங்கியது.

அவரிடம் இன்னும் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்தச் சன்னலருகே உட்கார்ந்து வெளியே பார்த்தபடி ஒருநாள் நீ என்னிடம் சொன்னாய்: "அம்மா தக்காளிக் கூடைய எறக்கி வெச்சிட்டு இடுப்பப் புடிச்சிக்கிட்டு அழுவுதுடி. எம்முன்னால வரும்போது மட்டும் சிரிச்சிக்கிட்டே வருது." இதைக் கேட்டால் அவர் ஆறுவாரா, இன்னும் உடைந்துபோவாரா, எனக்குத் தெரியவில்லை. தெரியும்வரை நானே வைத்திருக்கிறேன்.